உங்கள் கொயில் புதிதா? ஆக்கவுரிமைக்குக் கொழும்பு போக முன் மட்டக்களப்பிலிருந்தே செய்யவேண்டிய வேலைகள்

ஒன்றே முக்கால் வருடமும் சேர்த்துவைத்த காசில் பாதியும் போன பிறகு இதை எழுதுகிறேன். உங்களுக்கு இரண்டும் மிஞ்சட்டும்.

கல்லடியில் எனக்கு ஒரு சின்னத் திருத்தகம் இருக்கிறது. சார்ஜர், இன்வேர்ட்டர், சூரிய விளக்கு எல்லாம் பார்ப்பேன். வாவியில் இரவில் இறாலுக்குப் போகிறவர்களின் விளக்குகள்தான் அதிகம் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே வருத்தம். பற்றரி இறங்க இறங்க விளக்கு மினுங்கும், உள்ளே இருக்கிற கொயில், அதாவது மின்னோட்டம் ஓடுகிற செப்புச் சுருள், கை வைக்க முடியாமல் சுடும். பற்றரி இறங்கும்போது சர்க்கிட் கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கிறது, கொயிலின் காந்தப் பொருள் நிரம்பிப்போய்க் கைவிட்டுவிடுகிறது, அவ்வளவுதான். இதற்காக அடுக்கு அடுக்காக ஒரு தட்டைக் கொயில் செய்தேன். கப்டன் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செப்புச் சுருள், அதன் மேல் பெரைட்டு என்கிற காந்தப் பொருளில் ஒரு தாள், திரும்பவும் சுருள், திரும்பவும் பெரைட்டு. சரி நடுவில் மட்டும் காந்தம் ஏறாத வெறும் பிளாஸ்டிக் தாள் ஒன்று. பிட்டுக் குழலில் மாவுக்கு நடுவே தேங்காய்ப்பூ போடுகிற மாதிரி. மினுக்கம் நின்றது.

இதைப் பார்த்த எல்லோரும் "ஆக்கவுரிமை (பேட்டன்ட்) எடு" என்றார்கள். ஒரு முகவர் முற்பணம் வாங்கினார், இருபத்திரண்டு பக்கம் எழுதித் தந்தார். முன்னைய ஆக்கங்களை, அதாவது இதற்கு முன்பே வெளியே வந்த இதேபோன்றவற்றைத் தேடினீர்களா என்று அவரை நான் கேட்கவில்லை. அவரும் தேடவில்லை. அந்தப் பிளாஸ்டிக் தாள் செய்கிற அதே வேலையை ஜப்பானியர் எப்போதோ செய்து, படமும் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கீழே உள்ள ஒழுங்கு நான் செய்த ஒழுங்கு அல்ல, செய்திருக்கவேண்டிய ஒழுங்கு. உதாரணம் கொயில் என்றாலும் வேறு சாமானுக்கும் பொருந்தும்.

1. "கடையில் கிடையாது" என்பதை நம்பாதீர்கள்

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மூன்று கேள்வி கேட்கிறது. புதிதா? கண்டுபிடிப்புப் படி ஒன்று அதில் இருக்கிறதா, அதாவது அந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவருக்கு இயல்பாகத் தோன்றிவிடாததா? தொழிலில் பயன்படுமா? மூன்றாவதில் யாரும் விழுவதில்லை. முதல் இரண்டில்தான் எல்லோரும் விழுகிறோம்.

புதிதா என்று பார்க்கும்போது மட்டக்களப்பையோ இலங்கையையோ மட்டும் பார்ப்பதில்லை. உலகத்தின் எந்த மூலையிலாவது, எந்த மொழியிலாவது எழுதியோ பேசியோ பாவித்தோ வெளியே வந்த எல்லாமே கணக்கில் வரும். இங்கே இரண்டு பொறிகள் உண்டு.

ஒன்று, "அந்த ஆக்கவுரிமை காலாவதியாகிவிட்டதே" என்ற நினைப்பு. உரிமை முடிந்தாலும் ஆவணம் சாகாது. இருபது வருடத்துக்கு முன் வெளியாகிக் கைவிடப்பட்ட ஒரு விண்ணப்பமும் உங்களுடையதைக் கவிழ்க்கப் போதும்.

மற்றது இதற்கு எதிர்ப்பக்கம். ஜப்பானில் எடுத்த ஆக்கவுரிமை இலங்கையில் செல்லாது. அதே சாமானுக்கு இங்கேயும் உரிமை எடுத்திருந்தால் ஒழிய, அதைச் செய்து விற்க உங்களுக்குத் தடையில்லை. ஆனால் உங்கள் பெயரில் ஆக்கவுரிமை எடுக்க முடியாது. செய்யலாமா என்பது ஒரு கேள்வி, உரிமை கோரலாமா என்பது வேறு கேள்வி. நான் ஒரு வருடம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

2. இன்றைக்கே வாயை மூடுங்கள்

நான் விளக்கு எரிகிற வீடியோவை முகநூலில் போட்டேன். போதாதென்று கொயிலைப் பிரித்து அடுக்கையும் காட்டினேன். அறுபத்தேழு லைக்.

நீங்களாக வெளியிட்டிருந்தால், அந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் இலங்கைச் சட்டம் அதை உங்களுக்கு எதிராக எடுக்காது. ஐரோப்பாவில் இந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே நீங்களே போட்ட வீடியோ உங்களையே கவிழ்க்கும். ஆகவே பாடசாலைக் கண்காட்சி, வாட்ஸ்அப் குழு, உள்ளூர்ப் பத்திரிகைப் பேட்டி எல்லாம் விண்ணப்பத்துக்குப் பிறகு. ஏற்கனவே வெளியிட்டுவிட்டால், முதல் நாள் எது என்று ஆதாரத்தோடு குறித்துவையுங்கள். வீடியோவை அழிப்பதால் பயன் இல்லை. வெளியே வந்தது வந்ததுதான்.

யாரிடமாவது காட்டியே ஆகவேண்டும் என்றால் இரகசியம் காப்பதாக ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரரிடம் கேட்பது சங்கடம்தான், கேளுங்கள்.

3. சாமானைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

"நல்ல கொயில்" என்றால் யாராலும் எதையும் ஒப்பிட முடியாது. ஒரு துண்டில் ஒரு அம்சம் என்று பிரியுங்கள். என்னுடையது இப்படி வந்தது: (அ) காந்தத் தாள்களும் கடத்தித் தாள்களும் மாறி மாறி அடுக்கியது. (ஆ) ஒவ்வொரு கடத்தித் தாளிலும் சுருளின் ஒரு பகுதி. (இ) தாள்களில் உள்ள துளைகள் வழியே அந்தப் பகுதிகள் இணைந்து ஒரே சுருளாவது. (ஈ) அடுக்கின் நடு உயரத்தில் காந்தம் ஏறாத தாள். (உ) இரு முனையிலும் வெளி இணைப்பு. (ஊ) நடுத்தாளின் உருவம்.

கடைசியில் (ஊ) மட்டும்தான் எனக்கு மிஞ்சியது. முதலில் அதை நான் எழுதவேயில்லை. வெட்டும்போது கத்தரி நழுவி வந்த உருவம் அது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். காரணம் மேலே இரண்டாவதில் இருக்கிறது.

4. தேடல்: மூன்று கிழமை ஒதுக்குங்கள்

காசு இல்லாத இடங்கள்: ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலகப் புலமைச் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ், ஜப்பானின் ஜே-பிளாட்பாட். அடுக்குக் கொயில் என்றால் ஜப்பானைத் தவிர்க்கவே முடியாது. முராட்டா, டிடிகே, தையோ யூடென் இந்த மூன்று கம்பனிகளின் பெயரை மட்டும் போட்டாலே மேசை நிறைந்துவிடும்.

சொல்லில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். தமிழில் "கொயில்" என்று அடித்துப் பார்த்தேன், மாமாங்கேஸ்வரர் கோயில் வந்தது. சரி, ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும், ஆனால் அங்கேயும் ஒரே சாமானுக்குப் பல பெயர். ஜப்பானியரின் மொழிபெயர்ப்பில் "லாமினேட்டட் கொயில் கொம்பொனன்ட்" என்று இருக்கும். இன்னொருவர் "மல்டிலேயர் இண்டக்டர்" என்பார். வேறொருவர் "ஸ்டாக்ட் கொயில்", "சிப் இண்டக்டர்". என் நடுத்தாளை ஒரு ஆவணம் "காந்தமற்ற அடுக்கு" என்கிறது, இன்னொன்று "காந்த இடைவெளி அடுக்கு" என்கிறது. பெயரை நம்பி ஒன்றோடு நிறுத்தினால் பாதி தப்பிப்போகும்.

அதனால் வகுப்பு எண்ணைப் பிடியுங்கள். சர்வதேச ஆக்கவுரிமை வகைப்படுத்தலில் பெறுமானம் மாறாத சிறு கொயில்கள் எச்01எஃப் 17/00 இல் இருக்கின்றன. சுருளின் அமைப்பு எச்01எஃப் 27/28, செய்முறை எச்01எஃப் 41/04. வகுப்பையும் ஒரு சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். உங்களுடையதற்குக் கிட்ட ஒன்று அகப்பட்டதும், அது எவற்றை மேற்கோள் காட்டுகிறது, எவை அதை மேற்கோள் காட்டுகின்றன என்று இரு பக்கமும் போங்கள். சொல்லைப் போட்டுத் தேடியதை விட இப்படி வால் பிடித்துப் போனதில்தான் எனக்கு அதிகம் கிடைத்தது.

யாரும் எனக்குச் சொல்லித்தராத ஒன்று: பெரிய கம்பனிகளின் சர்வதேச விண்ணப்பங்களோடு தேடல் அறிக்கை இணைந்திருக்கும், பேட்டன்ட்ஸ்கோப்பில் சும்மா வாசிக்கலாம். அவர்கள் காசு கொடுத்துச் செய்வித்த தேடல். அதில் ஒவ்வொரு பழைய ஆவணத்துக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து இருக்கும். எக்ஸ் என்றால் அந்த ஒன்றே கோரிக்கையை, அதாவது விண்ணப்பத்தில் "இதற்குத்தான் உரிமை கேட்கிறேன்" என்று எழுதுகிற பகுதியைக் கவிழ்க்கப் போதும். வை என்றால் இன்னொன்றோடு சேர்ந்து கவிழ்க்கும். ஏ என்றால் பின்னணி மட்டும். உங்கள் சாமானுக்குக் கிட்டவான மூன்று நான்கு அறிக்கைகளை வாசித்தால், விண்ணப்பத்தைச் சரிபார்க்கிற பரிசோதகரின் கண் எங்கே போகும் என்று பிடிபட்டுவிடும்.

ஆவணம் மட்டும் போதாது, விற்பனையில் உள்ள சாமானும் முன்னைய ஆக்கம்தான். காத்தான்குடியில் போன் திருத்துகிற காக்கா ஒருவர் பழுதான போர்டுகள் ஒரு டப்பா நிறையத் தந்தார். ஒரு கொயிலைக் கழற்றினேன். ஒன்று தசம் ஆறு மில்லிமீட்டர் நீளம், தும்மினால் காணாமல் போகும். அதைப் பிசினில் ஊற்றிக் காயவைத்து, ஆயிரம் நம்பர் சாண்ட் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். பத்து நிமிடம் கழித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், கறுப்புக் கல்லுக்குள் வெள்ளிக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக. நடு உயரத்தில் வேறு நிறத்தில் ஒரு மெல்லிய கீற்று. என் பிளாஸ்டிக் தாள் அங்கே மண்பாண்டமாக உட்கார்ந்திருந்தது. காக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா தம்பி இவ்வளவு நாளும் ஓடித் திரிஞ்ச?" என்றார்.

5. ஒப்பிட்டுப் பார்க்கும் தாள்

மிக முக்கியமான படி இதுதான். மற்றதெல்லாம் அவசரமாக வாசித்தாலும் இதை ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் உங்கள் அம்சங்கள் (அ) முதல் (ஊ) வரை. மேலே, கிட்டவான பழைய ஆவணங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் "உண்டு, இன்ன பந்தி, இன்ன படம்" அல்லது "இல்லை". "கிட்டத்தட்ட உண்டு" என்று எழுதாதீர்கள். அது உங்களை நீங்களே ஏமாற்றுவது.

ஒரே ஆவணத்தில் எல்லாக் கட்டமும் "உண்டு" என்றால் புதுமை போய்விட்டது. இரண்டு ஆவணத்தைக் கூட்டிப் புதுமையை அழிக்க முடியாது. ஒன்றிலேயே எல்லாம் இருக்க வேண்டும். என் தாளில் முதல் ஆவணத்தில் (அ), (ஆ), (இ), (உ) இருந்தன, (ஈ) இல்லை. அப்பாடா என்று தேநீர் குடிக்கப் போனேன். இரண்டாம் ஆவணத்தில் (ஈ) உம் சேர்ந்து ஐந்தும் இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியவை சில. எழுத்தில் இல்லாதது படத்தில் இருந்தாலும் அது வெளியானதாகத்தான் எடுப்பார்கள். ஆனால் ஆக்கவுரிமைப் படங்கள் அளவுத்திட்டப்படி வரைந்தவை அல்ல, ஆகவே படத்தில் அடிமட்டம் வைத்து "தடிப்பு இவ்வளவு" என்று யாரும் உங்களுக்கு எதிராகச் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. அடுத்தது, பொருள் வேறு என்பது தப்பும் வழி அல்ல. அவர்களுடையது வெள்ளிப் பசை அச்சடித்து 900 பாகை செல்சியசுக்கு அண்மையில் சுட்ட பெரைட்டு, என்னுடையது ஒட்டிய தாள். கோரிக்கையில் "காந்தத் தாள்" என்று பொதுவாக எழுதிவிட்டு, ஒப்பிடும்போது மட்டும் "என்னுடையது ஒட்டிய தாள்" என்றால் எடுபடாது. வேறுபாடு கோரிக்கையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எண் வீச்சிலும் மாட்டுவீர்கள். "தடிப்பு 10 முதல் 50 மைக்ரோமீட்டர்" என்று நீங்கள் எழுத, பழைய ஆவணம் ஒன்று 20 மைக்ரோமீட்டரில் ஒரு மாதிரி செய்து காட்டியிருந்தால், உங்கள் வீச்சு முழுவதற்கும் புதுமை போய்விடும்.

6. "இது யாருக்கும் தோன்றும்" என்ற இடி

புதுமையில் தப்பினாலும் கண்டுபிடிப்புப் படியில் இரண்டு ஆவணத்தைக் கூட்டலாம். அடுக்குக் கொயில் ஒன்றில், நடுத்தாள் இன்னொன்றில், இரண்டும் பேசுவது காந்தம் நிரம்பும் அதே பிரச்சினை. அப்படியென்றால் அந்தத் துறைக்காரர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இயல்பு என்பார் பரிசோதகர்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் என் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, வித்தியாசம் இருக்கா எண்டு கேக்காதீங்க. அந்த வித்தியாசம் என்ன வேலை செய்யுது, அந்த வேலையை வேற யாரும் அதே வித்தியாசத்தால செய்யச் சொல்லியிருக்காங்களா எண்டு கேளுங்க."

இந்தத் துறையில் ஏற்கனவே தேய்ந்துபோன வேலைகளைச் சொல்லிவிடுகிறேன், இவற்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள்: நடுவில் காந்தமற்ற அடுக்கு வைப்பது, சுருளின் அச்சைப் போர்டுக்குச் சமாந்தரமாகத் திருப்பித் தேவையற்ற கொள்ளளவத்தைக் குறைப்பது, கடத்திக்கும் பெரைட்டுக்கும் இடையே வெற்றிடம் விட்டு இறுக்கத்தைத் தளர்த்துவது, தடையைக் குறைக்க ஒரே உருவக் கடத்தியை இரண்டு அடுக்கில் சமாந்தரமாக இணைப்பது. எல்லாம் எழுதியாகிவிட்டது.

கைகொடுப்பவை வேறு. பழைய ஆவணம் "இப்படிச் செய்யாதே" என்று சொன்னதை நீங்கள் செய்து நல்ல பலன் எடுத்திருந்தால் அது பெரிய பலம். எதிர்பாராத பலனும் அப்படியே. நடுத்தாள் வைத்தால் கொயிலின் தூண்டல் பெறுமானம் குறையும் என்பது எல்லோரும் அறிந்தது. குறைய வேண்டிய அளவை விடக் குறைவாகவே குறைந்தது என்று உங்களால் அளந்து காட்ட முடிந்தால் கதை மாறும்.

7. அளந்து, திகதி போட்டு வையுங்கள்

நடுத்தாள் இல்லாதது, பழைய முறையில் நடுத்தாள் வைத்தது, உங்கள் முறையில் வைத்தது என மூன்று வகை. ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து மாதிரி. கொயிலை அளக்கிற எல்சிஆர் மீட்டரில் தூண்டல் பெறுமானமும், மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டப் பெறுமானம் 30 வீதம் விழுகிற இடமும் எடுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் கேட்டுப்பாருங்கள், அம்பாறைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் கிட்ட. பல்கலைக்கழகக் கருவியையோ மாணவரின் உழைப்பையோ பாவித்தால் உரிமை யாருக்கு என்பதை முதலிலேயே எழுத்தில் தீருங்கள்.

விண்ணப்பம் போட்ட பிறகு புதிய விடயம் எதையும் விவரணத்தில் நுழைக்க முடியாது. அளவீடு முன்னமே இருக்க வேண்டும்.

8. ஆவணங்கள்

தேசிய புலமைச் சொத்து அலுவலகம் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தை, 400 ஆம் இலக்கத்தில் உள்ள சமாகம் மெதுரவில் இருக்கிறது. இரவு ரயிலில் போனால் காலையில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பலாம். ஆனால் ஒரு தாள் குறைந்தாலும் இன்னொரு இரவு ரயில்.

கொண்டுபோக வேண்டியவை: விண்ணப்பப் படிவம், விவரணம், கோரிக்கைகள், வரைபடங்கள், சுருக்கம். விண்ணப்பிப்பவர் கண்டுபிடித்தவர் அல்லாவிட்டால் உரிமை எப்படி வந்தது என்பதற்கான பத்திரம். முகவர் மூலம் போட்டால் அதிகாரப் பத்திரம். இவற்றோடு சர்வதேச வகைத் தேடல் அறிக்கை வேண்டும். அது இல்லையென்றால் உள்ளூர்ப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்டு அதற்குரிய கட்டணத்தைக் கட்ட வேண்டும். இந்த இடத்தைத்தான் பலர் மறந்து திரும்பி வருகிறார்கள்.

கோரிக்கைகளை நீங்களே முதலில் எழுதிப் பாருங்கள். முதல் கோரிக்கையில், பழைய ஆவணத்தில் உள்ளதை முன்பாதியிலும் உங்கள் வேறுபாட்டைப் பின்பாதியிலும் வையுங்கள். அதற்குக் கீழே படிப்படியாகக் குறுகும் கோரிக்கைகள். அகலமானது விழுந்தாலும் குறுகியது நிற்கும். என் முகவர் எழுதியது ஒரே ஒரு கோரிக்கை, அதுவும் ஒன்றரைப் பக்கம்.

வரைபடம் கறுப்புக் கோட்டில், ஒவ்வொரு உறுப்புக்கும் இலக்கத்தோடு. போன் படம் வேண்டாம்.

9. காசு

அலுவலகக் கட்டணம் வர்த்தமானி மூலம் மாறும், போகிற கிழமையில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையில் அது சின்னத் தொகை. பெரிய தொகை முகவருக்குப் போவது. "எழுத இவ்வளவு, தேட இவ்வளவு, பரிசோதகரின் ஆட்சேபத்துக்குப் பதில் எழுத இவ்வளவு" என்று பிரித்து எழுதித் தராதவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள். பதில் எழுதுகிற காசுதான் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

வெளிநாட்டுக்கும் வேண்டும் என்றால் சர்வதேச விண்ணப்பம். அடிப்படைக் கட்டணம் 1,330 சுவிஸ் பிராங்க், 30 பக்கத்துக்கு மேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் 15. நம்மைப் போன்ற நாடுகளின் தனியாட்களுக்கு இதில் 90 வீதம் கழிவு உண்டு. விண்ணப்பதாரராகக் கம்பனிப் பெயரைச் சேர்த்தால் கழிவு போய்விடும். தேடல் கட்டணம் இதற்கு வெளியே.

உதவிக்குப் பிரதேச செயலகத்தில் உள்ள விதாதா வள நிலையத்தையும் இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழுவையும் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

10. நாட்காட்டி

விண்ணப்பம் ஏற்ற நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வெளிநாட்டு விண்ணப்பம் போட்டால் முதல் திகதியே உங்களுக்கு நிற்கும். சர்வதேச வழியில் போனால் நாட்டுக்கு நாடு நுழைய 30 மாதம். உரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம், ஆனால் வருடாந்தக் கட்டணம் கட்டினால்தான்.

பழைய இருபத்திரண்டு பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, (ஊ) வை மட்டும் பிடித்துப் பதினொரு பக்கத்தில் புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. 12 மாதம் முடிய ஆறு கிழமைக்கு முந்திய நாளைக் கடை நாட்காட்டியில் சிவப்புப் பேனையால் சுற்றிவைத்திருக்கிறேன். பக்கத்தில் காக்காவின் கையெழுத்தில், "காசு சேர்த்தாச்சா?"